விழிப்புலன் இழந்தோர்க்கு ஒரு வாழ்க்கைப் பள்ளி

யூபிலி மலர்களிற் கட்டுரை வரைவோர் கல்லூரித் தாயின் புகழையும், அவள் ஈன்ற அறிஞரின் வரிசையையும், எழுப்பிய மண்டபங்களின் கணக்கையும் எடுத்துரைத்தல் மரபு. அம்மரபை நாம் குறைத்து மதிப்போமல்லோம். எனினும் அவற்றைக் கூறும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மலரில் எழுதுவர் ஆதலின், நாம் வாழும் கல்முனைக் கடற்கரைக்குரிய வேறொரு பொருளைப் பழைய மாணவர் முன்னும், இன்று பயில்வோர் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விழைகின்றோம். அது வயது வந்தபின் விழிப்புலன் இழந்தோர் கூடி வாழ்ந்து பயிலும் இல்லம் பற்றியது.

ஒவ்வோராண்டும் ஒக்டோபர் 15ஆம் நாள் வெண்பிரம்பு நாளாக உலகெங்கும் கொண்டாடப்படுகின்றது. எமது ஊர்களிலும் அன்று மேடை அமைப்பர், பெரியோர் பேசுவர், பிரம்பு வழங்குவர், உலருணவுப் பொதியொன்றும் உடன் வழங்குவர், நிழற்படம் எடுப்பர். பேரனின் தோளைப் பற்றியவாறு வந்த முதியவர், பேரனின் தோளைப் பற்றியவாறே வீடு திரும்புவார். பிரம்பு மடித்தபடியே பேரனின் கையில் இருக்கும். அடுத்த மாரிக்குள் அது கதவு மூலையைச் சேரும். அன்றேல் முற்றத்துக் கோழியை ஓட்டப் பயன்படும். கொடுத்தவரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. பெற்றவரைக் குறைகூறுதல் அதனினும் தகாது. பிரம்பைப் பிடித்து நடத்தற்கு ஒரு முறை உளது என்பதும், அதனைக் கற்கப் பல கிழமைகள் செல்லும் என்பதும், கற்பிக்க ஒருவர் வேண்டும் என்பதும் அம்மேடையில் எவர்க்கும் தோன்றவில்லையே என்பதுதான் நம் கவலை.

மருதமுனையில் நாம் அறிந்த நெசவாளர் ஒருவர் இருந்தார். அவ்வூரிற் கைத்தறியொலி கேளாத தெரு இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், சிறு வயதிலேயே தறிக்குழியில் இறங்கியவர். ஐம்பதை அண்மித்த வயதில் குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் அவரைப் பற்றியது. அந்நோய் பெரும்பாலும் நோவின்றி வருவது. பார்வையின் ஓரங்களை முதலிற் கவர்ந்து, நடுவைக் கடைசியிற் கவர்வது. அவர் மருத்துவரை நாடிச் சென்றபோது காலங்கடந்து விட்டது. 1961ஆம் ஆண்டில் ஹட்சன் சில்வா அவர்கள் கண் தானச் சங்கத்தை நிறுவிய பின்னர் நம் நாடு உலகின் பல நாடுகளுக்கும் கருவிழிப் படலம் அனுப்பிவரும் நாடு, அப்பெருமை நமக்குரியதே. ஆயினும் இந்நெசவாளர்க்கு அது உதவவில்லை. கெட்டது கண்ணின் முன்புறத்துப் படலமன்று, பின்புறத்து நரம்பு. நரம்பு கெட்டபின் மீட்பாரில்லை.

அவருடைய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஒரு நாள் அவர் சுவரைத் தடவித் தடவித் தறிக்குழியை அடைந்தபோது மூத்த மகன் ஓடி வந்து கையைப் பற்றி, “வாப்பா, நீங்க இரிங்க. நாங்க பாத்துக்குவம்” என்றான். அவரும் இருந்தார். திண்ணையில் ஒரு கதிரை, பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி, வேளைக்கு வேளை சோறு. பதினான்கு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. நாம் காணச் சென்ற ஒரு பிற்பகல், பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனப் பேச்சை நிறுத்தி உள்ளே செவிசாய்த்தார். “இழ அறுந்திட்டு தம்பி, புள்ளைக்கு இன்னும் விளங்கல்ல” என்றார். சிறிது பொழுதின் பின்னரே உள்ளே தறி நின்றது. அப்பொழுது அவர் கூறிய சொல் இன்னும் நம் செவியில் நிற்கின்றது: “கண்தானே தம்பி போன, கை போகல்லியே.”

அவரை வறுமை வீழ்த்தவில்லை, அன்பின்மையும் வீழ்த்தவில்லை. அன்பே அவரைத் திண்ணையில் இருத்தியது. நம்மவரிடையே இது பொது வழக்கு. இந்துக் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இதில் வேற்றுமை கண்டிலோம். முற்காலத்திற் குருடர் என்றோம், பின்னர் அந்தகர் என்றோம், பார்வையற்றோர் என்றோம், இன்று விழிப்புலன் இழந்தோர் என்கின்றோம். சொல்லில் மரியாதை ஏறிக்கொண்டே வந்துள்ளது. அவரை அமர்த்தும் இடம் மட்டும் அதே திண்ணைதான். பெண்ணாயின் திண்ணையும் இல்லை, உள்ளறைதான். எம் பகுதியில் வீடு பெண்மக்களுக்கே உரியதாய் வருவது தொன்றுதொட்ட வழக்கம். தனக்கென எழுப்பிய வீட்டிலேயே அடுப்பங்கரைப் பக்கம் போகாதே என்று தடுக்கப்படும் பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். தடுப்பவர் தாய், தடுக்கும் காரணம் நெருப்பு. அத்தாயை நோவதெப்படி? நெருப்பருகே கண்ணின் துணையின்றிக் கை எவ்வாறு இயங்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தார் எவருமிலர்.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் தெளிவுடையர் போலும். பெரியபுராணம் படித்த மாணவர் தண்டியடிகள் நாயனாரை மறந்திரார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருவாரூர்க் கமலாலயத் திருக்குளம் தூர்ந்து குறுகக் கண்டு—‘கண்டு’ என்றே எழுதிவிட்டோம்; அச்சொல் அவர்க்கும் பொருந்துவதே—அதனைத் தாமே தோண்டத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நாட்டி, இரண்டிற்குமிடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியே மண்ணெடுத்துச் சென்று கரையிற் கொட்டி மீண்டார். புராணம் கேட்போர் அவர் பின்னர்க் கண்பெற்ற அற்புதத்தையே நினைவிற் கொள்வர். நாம் நினைவிற் கொள்வது கயிற்றை. கண் பெறும் வரை காத்திராது, கண்ணின்றியே செய்யும் வழியை அவரே வகுத்துக் கொண்டார் அன்றோ! இக்காலப் பயிற்சியாளர் கூடங்களிற் கைப்பிடிக் கம்பிகள் அமைப்பதும் அக்கயிற்றின் வழிவந்த வேலையே.

நம் அயலவரான முஸ்லிம் மக்களின் மரபிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. நபிகள் நாயகத்தின் தோழருள் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்பார் பார்வையற்றவர். திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் அவர் பொருட்டு இறங்கியது என்பர். அவர் மதீனாவில் பிலால் அவர்களோடு தொழுகை அழைப்பாளராக விளங்கினார். நோன்பு மாதத்தில் பிலாலின் அழைப்பைக் கேட்ட பின்னும் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூமின் அழைப்பைக் கேட்டால் நிறுத்தவேண்டும் என்பது நபிமொழி. விடிந்தது என்று பிறர் கூறக் கேட்டே அவர் அழைப்பார் என்றும் அதிற் குறிப்பு உளது. ஓர் ஊர் முழுவதும் வைகறையை அறிந்தது, வைகறையைக் காணாத ஒருவரின் குரலால். நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டதுண்டு. இத்தகைய முன்மாதிரிகளை உடைய இரு சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் கடற்கரையில் திண்ணைக் கதிரை ஒன்றே வழியாயிற்று என்பது வியப்பிற்குரியது.

தமிழ் வழங்கும் நிலத்தில் விழிப்புலன் இழந்தோர் கல்வி புதிதன்று. 1890ஆம் ஆண்டிலேயே பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பள்ளி தொடங்கினார். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளி இரத்மலானையில் இன்றும் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வாழ்வகமும், மட்டக்களப்பிலே தரிசனம் பாடசாலையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெருந்தொண்டு ஆற்றி வருவன. ஆயின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதை ஏற்கும் உலகம், நாற்பது வயதில் நீரிழிவாற் பார்வை இழந்த கடைக்காரர்க்கும் பள்ளி வேண்டும் என்பதை எளிதில் ஏற்பதில்லை. பிள்ளை புதிதாய்க் கற்கின்றது. இவரோ கற்றதை மறந்து வேறு வழியாற் கற்கவேண்டும். அதற்குரிய பள்ளி வேறு. அதன் பாடங்களும் வேறு.

அத்தகைய பள்ளிக்கு வழிகாட்டியவர் ஆர்தர் பியர்சன் என்னும் ஆங்கிலேயர். இலண்டனிற் செய்தித்தாள் நடத்திச் செல்வம் ஈட்டியவர். நம் நெசவாளரைப் பற்றிய அதே குளுக்கோமா நோயால் விழியிழந்தவர். முதலாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்க்கென 1915ஆம் ஆண்டில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். அங்குச் சேர்ந்த வீரர்க்கு அவர் முதலில் அளித்த பொருள் பிரம்பும் அன்று, உடையும் அன்று. தொட்டு நேரம் அறியும் கைக்கடிகாரம். இருளிற் கிடப்பவன் முதலில் இழப்பது காலத்தை என்பதைத் தம் நிலையால் அவர் அறிந்திருந்தார். மணி யாதென்று தாதியைக் கேளாது தானே அறிந்த கணத்தில் அவ்வீரனுக்கு ஏதோ ஒன்று திரும்பிவிடும். இல்லத்துத் தரையில் நீளக் கம்பளப் பட்டைகள் விரித்து, அவற்றைக் காலால் உணர்ந்தே அறைக்கு அறை செல்லப் பழக்கினர். விழியிழந்தோர்க்கு விழியிழந்தோரையே ஆசிரியராக்கினார் பியர்சன். தட்டச்சும் கோழி வளர்ப்பும் கூடை முடைதலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. படகு வலித்தலும் இருந்தது.

அவ்வில்லத்திற் பயின்றோருள் ஒருவர் கிளூதா மக்கென்சி. நியூசிலாந்தினர், 1915இல் கலிப்பொலிப் போரில் பார்வை இழந்தவர். 1943ஆம் ஆண்டில் இந்தியப் படைவீரர்க்கென டேராடூனில் அதே பெயரால் இல்லம் எழுந்தபோது அதனை நடத்தியவர் அவரே. அதன் வழியாகவே 1950இல் இந்திய அரசின் வயது வந்தோர் பயிற்சி நிலையமும் அவ்வூரில் உருவாயிற்று. அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தில் 1958 முதல் இருபதாண்டுக் காலம் பயிற்சி நிலையம் நடத்திய கென்னத் ஜெர்னிகன் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் இன்னும் ஒரு படி சென்றார். அங்குப் பணியாற்றும் கண்ணுடையோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கவும் தெருவில் நடக்கவும் கற்றாக வேண்டும் என்று விதித்தார். இரக்கத்தோடு வந்த ஆசிரியர் நம்பிக்கையோடு திரும்பவேண்டும் என்பது அவர் நோக்கம். இவ்விதி நமக்கு மிகவும் உவப்பானது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் இருந்தறியாத தலைவர் எவரும் வெண்பிரம்பு நாள் மேடையில் ஏறலாகாது என்றொரு தீர்மானம் நம் ஊர்ச் சங்கங்களில் நிறைவேறுமாயின் பேச்சுகள் பெரிதும் சுருங்கும்.

இத்தகைய இல்லம் ஒன்று கல்முனைக் கரையில் அமையுமாயின் அதன் ஒரு நாள் வாழ்க்கை எவ்வாறிருக்கும்? தறியும் கணினியும் பின்னர்; முதற் பாடசாலை அதன் அடுக்களையே. அரிசியின் மேல் நிற்கும் நீரை விரற்கணுவால் அளத்தல் நம் தாய்மார் அனைவரும் அறிந்தது. கண்ணுடையவரும் அதனைக் கையாலேயே செய்கின்றனர். உலை கொதிப்பதைச் செவி அறியும். எண்ணெய் காய்ந்ததை அதனிலிட்ட கடுகு கூறும். மீன் பொரியும் ஒலி, முதலில் இரைச்சலாய் எழுந்து நீர் வற்ற வற்ற அடங்குவதைச் சற்றுக் கவனித்தவர் எவரும் சொல்வர். மீன் பழுதானதா அன்றா என்பதைச் செவுளிற் கைவைத்து மூக்காற் சொல்லும் மூதாட்டியர் எம் கரையில் எத்தனை பேர்! கொதிநீரைக் கோப்பையில் வார்க்கையில் நிறைவதற்கேற்ப ஓசை மாறும். கை உணரும் பாரமும் கூடும். இவற்றைத் தனித்தனியே எழுதினால் எளிதாய்த் தோன்றும். அஞ்சிய கை ஒன்று அவற்றை முதன்முறை செய்தற்கு ஒரு கிழமை ஆகும். அருகே நிற்பவர் பாய்ந்து வந்து பிடுங்காதிருத்தல் அதனினும் அரிது. பயிற்சியாளர்க்குரிய முதற்பண்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பொறுமையே என்று நாம் கருதுகின்றோம்.

பத்துப் பேர் கூடி வாழும் வீட்டில் எல்லாம் இனிதே நடைபெறும் என்று நாம் கனவு காணவில்லை. வழித்தடத்தில் ஒருவர் வைத்த வாளியில் மற்றவர் இடறி விழுவார், ஏச்சு எழும். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிடுதல், திறந்த கதவை முற்றத் திறத்தல் அல்லது முற்ற மூடுதல், எடுத்த கத்தியை எடுத்த இடத்தில் வைத்தல் என்பன அவ்வீட்டின் அறநூலாகிவிடும். ஒருவர் ‘ஆணம்’ என்பதை மற்றவர் ‘கறி’ என்பார். எது சரி என்பதில் வழக்கு நிகழும். நோன்பு மாதத்தில் சஹர் உணவு ஆக்க எழும் முஸ்லிம் அன்பரின் பாத்திர ஒலியால் உறக்கம் கெட்ட இந்து அன்பர் முணுமுணுப்பார். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோவிற் சடங்குக் காலத்தில் மரக்கறிச் சோறே வேண்டும் என்று அவர் கேட்கும்போது இவர் முணுமுணுப்பார். இம்முணுமுணுப்புகளையே நாம் விரும்புகின்றோம். திண்ணையில் இருந்தவரோடு எவரும் சண்டையிட்டதில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் வீட்டார் தலையசைத்தனர், நோயாளியிடம் அசைப்பதைப்போல. தன்னோடு ஒத்தவனிடம் வாய்ச்சண்டையிட்டுத் தோற்பதும், மறுநாள் அவனுக்கே தேநீர் வார்த்துக் கொடுப்பதும் ஒருவனை மீண்டும் மனிதரிடையே சேர்க்கும். இதனாலேயே வீடு தேடிச் சென்று கற்பித்தல் போதும் என்னும் கருத்தை நாம் முழுதும் ஏற்கவில்லை. அதுவும் வேண்டும், கூட்டு வாழ்வும் வேண்டும்.

பிரெயில் எழுத்தைப் பற்றி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு செய்தி கூறவேண்டும். உலூயி பிரெயில் 1809இல் பிரான்சிற் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோற்பட்டறையில் ஊசியாற் கண்ணிழந்தவர். 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறையை வகுத்தவர். 1950க்கும் 1951க்கும் இடையே யுனெஸ்கோ அமைப்பு இம்முறையை உலக மொழிகளுக்கு ஒழுங்குபடுத்தியபோது, மேற்கூறிய மக்கென்சியே அதில் முன்னின்றார். ஒலி ஒத்த எழுத்துகளுக்கு இயன்றவரை ஒரே புள்ளிகள் என்பது அன்றைய கொள்கை. அதன் பயன் யாது? தமிழின் ‘க’ இரு புள்ளி: இடப்பக்க வரிசையின் மேலொன்று, கீழொன்று. சிங்களத்தின் ‘க’வும் அதே இரு புள்ளி. ஆங்கிலத்தின் ‘கே’யும் அதே. அரபு மொழியின் ‘காஃப்’ எழுத்தும் அதே. அச்சில் வலமிருந்து இடமாய் ஓடும் அரபு, பிரெயிலில் தமிழைப் போலவே இடமிருந்து வலமாய் ஓடும். அம்பாறை மாவட்டத்தில் மூன்று எழுத்து வடிவங்களையும் பெயர்ப்பலகையில் எந்த வரிசையில் எழுதுவது என்பதே பெரும் பூசலாகும் நாள்களை நாம் கண்டிருக்கின்றோம். விரல்நுனியில் அப்பூசலுக்கு இடமில்லை. எனினும் இதனை வைத்துப் பேருரை ஆற்ற நாம் விரும்பவில்லை. ஒரு மொழியின் புள்ளிகளைக் கற்றவர்க்கு மற்றவற்றைக் கற்கும் உழைப்பிற் பாதி மிச்சம் என்பதே நடைமுறைப் பயன்.

நடைப்பயிற்சிக்கு எம் கரை ஒருவகையில் அருமையான இடம், ஒருவகையிற் கொடிய இடம். அருமை யாதெனில், கிழக்கு எது என்று எவரையும் கேட்கவேண்டியதில்லை. கடல் இரைந்து சொல்லும். மேற்கே வயல்; கச்சான் காற்று வீசும் காலத்தில் அதன் வெப்பமே திசை கூறும். வேளைக்கு வேளை பாங்கொலி; ஒவ்வொரு பள்ளிவாசலின் குரலும் வேறு. கோவில் மணியும் அவ்வாறே. கொடுமை யாதெனில், மணல் ஒழுங்கையிற் பிரம்பின் நுனி புதையும், ஓசை எழாது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ரிச்சட் ஹூவர் என்பார் அமெரிக்கப் படை மருத்துவமனையில் வகுத்த முறையில், இலேசான நீண்ட பிரம்பை உடலின் குறுக்கே வீசி, வலக்கால் எடுத்துவைக்கையில் இடப்பக்கமும் இடக்கால் வைக்கையில் வலப்பக்கமும் தொட்டுச் செல்வர். அடுத்த அடி வைக்கவிருக்கும் நிலத்தை இந்த அடியிலேயே அறிந்துகொள்வது அதன் சூட்சுமம். சீமெந்துத் தெருவிற்கு ஏற்ற அம்முறையை எம் மணலுக்கேற்ப மாற்றவேண்டும். அதனை இங்கேயே நடந்து பழகிய ஒருவர்தான் மாற்றக்கூடும். கொழும்பிற் கற்ற நடை கல்முனைக்கு முழுதும் உதவாது. அக்கரைப்பற்றிலிருந்து காரைதீவு வழியே கல்முனை ஊடாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவைக் கடப்பது வேறொரு கலை. நடைபாதை எங்கெல்லாம் உளதோ அங்கெல்லாம் கடைச் சாமான்களும் உள.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இங்குக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. அன்று இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே; பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரை வீடுகள் அழிந்தபின் ஊர் புதிதாய் எழுந்தது. தெருக்கள் இடம் மாறின. அடுக்கு வீடுகள் வந்தன. கண்ணுள்ளோர் புதிய ஊரைச் சின்னாளிற் பழகிக்கொண்டனர். மனத்தினுள் பழைய ஊரின் வரைபடத்தை வைத்து நடமாடியவர்க்கோ, எஞ்சியிருந்த அவ்வூரும் அன்று மூழ்கிற்று. அவர்க்குப் புதிய வரைபடம் கற்பிக்க வேண்டும் என்று எந்த நிவாரணத் திட்டத்திலும் எழுதியிருக்க நாம் கண்டதில்லை.

தொழிலைப் பற்றி ஒரு சொல். இங்கு நாம் உணர்ச்சிக்கு இடங்கொடுத்தலாகாது. பிரம்புக் கதிரை பின்னுதலும் கால்மிதி முடைதலும் நூறாண்டிற்கு முன் வகுத்த பாடத்திட்டம். மேலே கூறிய நெசவாளர் தறிக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது நம் ஆசையே. ஆயினும் விசைத்தறித் துணியோடு போட்டியிட்டுக் கண்ணுள்ள நெசவாளரே தளர்ந்துவரும் நாளில், இளைஞர் அனைவரையும் தறியில் இருத்துதல் அறிவுடைமையன்று. திரையில் உள்ளதைப் படித்துக் கூறும் மென்பொருள்கள் இன்று உள. 2006ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞர் இருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைப்பது, தமிழும் படிக்கும். அதன் குரல் இனிமையற்றது, பழகவேண்டும். நூற்பணி, கணக்குப்பணி, ஆசிரியப்பணி அனைத்திற்கும் அதனால் வழி திறந்துள்ளது. அரசாங்கப் பதவி வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வலுக்குறைந்தோர்க்கு என 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நம்பிக்கைக்குரிய துணைவரோடு சென்று வாக்களிக்கும் உரிமை 2011இல் வந்தது. ஏடுகள் நன்றாகவே உள்ளன. ஏட்டிலுள்ள பதவிக்கு விண்ணப்பித்தற்கு முன், அப்பணிமனைக்குத் தனியே பேருந்திற் சென்று திரும்பத் தெரியவேண்டுமே! மடியில் உள்ள தாள் நூறு ரூபாயா ஐந்நூறு ரூபாயா என்று நீளத்தால் அறியத் தெரியவேண்டுமே!

இதற்கென இரத்மலானைப் பக்கம் போகலாமே என்பாருமுளர். சிங்களம் அறியாத ஐம்பது வயதினர், புதிதாய் வந்த இருளோடு புதிய மொழியையும் சேர்த்துக் கற்கவேண்டும் என்பது நியாயமா? பெண்மக்களை அத்துணைத் தொலைவு அனுப்பும் குடும்பங்கள் எத்தனை? பேருந்தில் ஒரு மணி நேரத்துள் வந்து சேரும் இடத்தில், பெண்களுக்குப் பெண் பயிற்சியாளரோடு, விரும்பினோர் மாலையில் வீடு திரும்பவும் வகைசெய்து அமைந்தாலன்றி உள்ளறைக் கதவுகள் திறவா. சிலர், எண்ணிக்கை குறைவன்றோ என்பர். நம் தெருக்களிலுள்ள திண்ணைகளை ஒருமுறை எண்ணிவிட்டு அவர்கள் பேசட்டும். உள்ளறைகளை எண்ணும் பொறுப்பை வீட்டுப் பெண்களிடம் விடட்டும்.

இன்னொன்றை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. இவ்வில்லம் புகலிடமாகிவிடக் கூடாது. ஆறு திங்களோ ஒன்பது திங்களோ வரையறை வேண்டும். வந்தவர் சென்றாக வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறித்த கட்டிலிற் காலமெல்லாம் கிடக்க ஒருவரை வைத்திருப்பின், திண்ணையைப் பெரிதாக்கிக் கூரை போட்டோம் என்பதன்றி வேறென்ன செய்தோம்? அதன் வெற்றியை உள்ளே இருப்போர் தொகையால் அளத்தலாகாது. வெளியே சென்று சந்தையில் நம்மோடு விலை பேசுவோர் தொகையால் அளத்தல் வேண்டும். நிர்வாகக் குழுவிற் பாதியேனும் விழிப்புலன் இழந்தவராக இருத்தல் வேண்டும் என்பதும் நம் கருத்து. கண்ணுடைய நண்பர் பலர்க்கு இது கசக்கும். பியர்சன் காலந்தொட்டு நன்கு நடந்த இல்லங்களை நடத்தியவர் யாவர் என்பதை அவர்கள் ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.

பழைய மாணவர் சங்கங்களுக்குப் பணம் சேர்க்கத் தெரியும். அதனை நாம் ஐயுறவில்லை. யூபிலிக்கு யூபிலி நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்பும் வழக்கமும் அறிவோம். நாம் கேட்பது அதனினும் சிறிது, ஆயின் கடினமானது. காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியபோது கட்டடத்தோடு நில்லாமல், பிள்ளைகளோடு தாமும் வாழ்ந்தார். நம்முள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் உளர். கிழமைக்கு ஒரு நாள், கண்ணைக் கட்டிக்கொண்டு, பார்வையற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் பிரம்பு நடை கற்க முன்வருவோர் எத்தனை பேர்? பின்னர்ப் பிறர்க்குத் துணைநிற்கலாம். நம் கல்லூரி மாணவர் பாடநூல்களை வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து கொடுக்கலாம்; குரல் திருந்தும், உச்சரிப்பும் திருந்தும், தமிழாசிரியர் மகிழ்வர். வெளிநாடு சென்றோர் ஒரு கணினியையும், தொட்டறியும் கடிகாரம் பத்தையும் அனுப்பினாற் போதும். பிரம்பு வேண்டா, ஊரிலுள்ள மூலைகளிற் போதிய பிரம்புகள் உள.

தொடக்கமாக, இந்த மலரையே எடுத்துக்கொள்ளலாம். முதற்பக்கத்து ஆசிச் செய்தி தொடங்கி விளம்பரப் பக்கம் வரை எவரேனும் வாசித்துப் பதிவுசெய்வராயின், அப்பதிவைக் கேட்க எம் கரையில் மூவர் காத்திருக்கின்றனர். அவருள் ஒருவர் நம் கல்லூரியின் பழைய மாணவர்.